18 முடிந்து ஹோமை விட்டு வெளியே வருகிறேன், எங்கே தங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்து, 18 வயது முடிந்து வெளியே வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நானும் ஹோமில் வளர்ந்தவன்தான். வெளியே வந்த முதல் வருடத்தில் நான்கு இடம் மாறினேன். அப்போது யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று நினைக்கிற விஷயங்கள்தான் இதில் பாதி.

எனக்கு அடுத்த மாதம் 18 முடிகிறது. பிறந்தநாள் அன்றே வெளியே போகச் சொல்வார்களா?

சட்டப்படி 18 முடிந்தால் நீங்கள் குழந்தை இல்லை. குழந்தைகள் இல்லத்தின் பதிவே குழந்தைகளுக்கானதுதான், அதனால் பெரியவர்களை அங்கே வைத்துக்கொள்ள முடியாது. வார்டனோ மதரோ மனசு வைத்தாலும் அவர்கள் சொந்த முடிவாக உங்களை வைத்திருக்க முடியாது என்பது இதனால்தான். அவர்கள்மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

அதற்காக, மறுநாள் பையோடு பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டும் என்றும் இல்லை. 2016-ம் ஆண்டு இளைஞர் நீதி மாதிரி விதிகளின் 25-வது விதிப்படி, நீங்கள் வெளியே வருவதற்கு இரண்டு மாதம் முன்பே உங்களுக்கான திட்டத்தை எழுதி, உங்களை ஹோமில் சேர்க்க ஆணை போட்ட குழந்தைகள் நலக் குழுவிடம் கொடுத்திருக்க வேண்டும். நன்னடத்தை அலுவலர், குழந்தைகள் நல அலுவலர், கேஸ் ஒர்க்கர் ஆகியோரில் ஒருவருக்கு இந்த வேலை. எங்கே தங்குவீர்கள், என்ன படிப்பீர்கள், யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒரு மாதம்தான் மீதி என்றால் நாளைக்கே போய் கேஸ் ஒர்க்கரைக் கேளுங்கள்: "என் திட்டத்தை எழுதிவிட்டீர்களா, நான் பார்க்கலாமா?" பல நேரம் அப்போதுதான் எழுதவே உட்காருவார்கள். பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து எழுதவையுங்கள்.

பிற்காப்பு என்று ஏதோ சொல்கிறார்களே, அது என்ன?

ஹோமிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு 21 வயது வரை அரசு செய்ய வேண்டிய உதவிக்குப் பெயர் பிற்காப்பு. இளைஞர் நீதிச் சட்டம் 2015-ல் 46-வது பிரிவு இதைப் பற்றியது. விசேஷமான காரணம் இருந்தால் 21-க்குப் பிறகும் இரண்டு ஆண்டு, அதாவது 23 வரை நீட்டலாம் என்று விதி சொல்கிறது. படிப்பு முடியவில்லை என்பதை அந்தக் காரணமாகக் காட்டிக் கேட்கலாம்.

தங்குமிடம், தொழிற்பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை, மேற்படிப்புக்குப் பணம், வேலைக்கு ஏற்பாடு, பேசுவதற்கு ஓர் ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்), சொந்தத் தொழிலுக்குக் கடன் என்று 25-வது விதியில் இருக்கும் பட்டியல் நீளமானது. தங்குமிடம் பற்றி அது சொல்வது எனக்குப் பிடித்த வரி: ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து, ஊருக்குள் ஒரு வீட்டில், தற்காலிகமாக. பெரிய கட்டிடம், பெரிய கேட், விசில் எல்லாம் இல்லாத ஒரு சாதாரணத் தெருவீடு. காகிதத்தில் இருக்கும் அளவுக்கு அந்த வீடுகள் ஊரில் இல்லை என்பது வேறு விஷயம்.

ஒரு சொல்லை மட்டும் கவனியுங்கள். 46-வது பிரிவு உதவி "வழங்கப்படும்" என்று சொல்லவில்லை, "வழங்கப்படலாம்" என்கிறது. அந்த "லாம்" பொல்லாதது. கேட்காதவனுக்குத் தராமல் இருக்க அதுவே போதும். அதனால் வாயால் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், எழுதிக் கேளுங்கள்.

யாரிடம், எப்படி எழுதிக் கேட்பது?

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் அலுவலகம் உண்டு. பெரும்பாலும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலோ பக்கத்திலோ இருக்கும். முன்பு சமூகப் பாதுகாப்புத் துறை என்று சொல்லிவந்த, இப்போது குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை என்று பெயர் மாறிய துறையின் கீழ் வருவது அது. பிற்காப்புக்கு முன்வரும் நிறுவனங்கள், தனிநபர்களின் பட்டியலை வைத்திருக்க வேண்டியதும் இந்த அலகுதான். அந்தப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள்.

மனுவைக் குழந்தைகள் நலக் குழுத் தலைவருக்கு எழுதி, ஒரு நகலை அலகுக்குக் கொடுங்கள். வழக்கு தொடர்பாக இல்லத்தில் இருந்தவர்கள் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு எழுத வேண்டும். ஒரு பக்கம் போதும்: பெயர், பிறந்த தேதி, எந்த இல்லத்தில் எந்த வருடம் முதல் இருந்தீர்கள், இப்போது என்ன படிக்கிறீர்கள் அல்லது என்ன வேலை, 18 முடியும் தேதி, உங்களுக்கு என்ன வேண்டும். "உதவி செய்யுமாறு தாழ்மையுடன்" என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். "25-வது விதியின்படி தங்குமிடமும் மாத உதவித்தொகையும் வழங்கி ஆணையிட வேண்டுகிறேன்" என்று எழுதுங்கள். நகலில் சீல் வாங்குங்கள். சீல் இல்லாத நகல் வெறும் காகிதம்.

ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அதே மனுவைக் கொடுங்கள். 2021 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு குழந்தைகள் பாதுகாப்பு வேலைகளில் கலெக்டருக்குப் பொறுப்பு கூடியிருக்கிறது. அங்கே மனுவுக்கு எண் கொடுப்பார்கள், அந்த எண்ணை வைத்து விசாரிக்கலாம்.

மாதம் எவ்வளவு கிடைக்கும்? அதில் வாழ முடியுமா?

ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிற்காப்புக்கு மாதம் 4,000 ரூபாய். முன்பு 2,000 ஆக இருந்ததை 2022-ல் வந்த வழிகாட்டுதலில் கூட்டினார்கள். உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வர வேண்டும்.

வாழ முடியுமா என்றால், இதை மட்டும் வைத்து சென்னையில் முடியாது. சின்ன ஊரில், இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்து, சமைத்துச் சாப்பிட்டால் வாடகையும் அரிசியும் சமாளிக்கலாம். பணம் மாதாமாதம் ஒழுங்காக வரும் என்று நம்பி வாடகை பேசாதீர்கள். அரசுப் பணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்து வரும் பழக்கம் உள்ளது. ஓனருக்கு அந்தப் பொறுமை இருக்காது.

படிப்பைத் தொடர்ந்தால் இன்னும் கொஞ்சம் சேரும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் (2022 முதல்) மாதம் 1,000 ரூபாய், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் (2024 முதல்) அதே தொகை. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் விசாரிக்கலாம்.

சரி, உண்மையில் தங்க என்னென்ன இடம் இருக்கிறது?

முதலில் பிற்காப்பு இல்லங்கள். அரசும் நடத்துகிறது, தொண்டு நிறுவனங்களும் நடத்துகின்றன. குழுவின் ஆணை இருந்தால்தான் சேர்க்கை. உங்கள் மாவட்டத்தில் இல்லையென்றால் வேறு மாவட்டத்துக்கு அனுப்புவார்கள். படிப்பு, வேலை நடுவில் இருக்கும்போது அது சரிப்படுமா என்று யோசித்து ஒப்புக்கொள்ளுங்கள்.

கல்லூரியோ ஐடிஐயோ போகிறவர்களுக்கு அரசு மாணவர் விடுதிதான் மலிவானது. ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி என்று இருந்தவற்றுக்கு 2025-ல் சமூக நீதி விடுதிகள் என்று பெயர் வைத்தார்கள். சாப்பாடும் இடமும் இலவசம். விண்ணப்பத்தில் பெற்றோர் வருமானச் சான்று கேட்பார்கள். பெற்றோர் இல்லை என்றால் ஹோம் கண்காணிப்பாளரின் கடிதத்தையும் குழுவின் ஆணையையும் வைத்துப் பேசுங்கள். சேர்க்கை ஆரம்பிக்கும்போதே போக வேண்டும்.

வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தோழி விடுதிகள் நல்ல இடம். தமிழ்நாடு அரசின் பணிபுரியும் மகளிர் விடுதிகள் நிறுவனம் நடத்துகிறது. தாம்பரம், வேலூர், திருச்சி, சேலம், திருநெல்வேலி போன்ற ஊர்களில் இருக்கின்றன. தனியார் லேடீஸ் ஹாஸ்டலைவிடப் பாதுகாப்பு அதிகம். ஆனால் வாடகை உண்டு, வேலை இருப்பதைக் காட்ட வேண்டும். வேலையில்லை, படிப்பும் பாதியில் நின்றுவிட்டது என்கிற பெண்கள் சமூக நலத்துறையின் அரசு சேவை இல்லங்களைக் கேட்டுப் பாருங்கள். ஆதரவற்ற பெண்கள் தங்கிப் படிக்க என்றே நடப்பவை. தாம்பரம், சேலம், தஞ்சாவூர் போன்ற இடங்களில் இருக்கின்றன.

தனியார் லேடீஸ் ஹாஸ்டல் என்றால் ஒரு கேள்வி கேளுங்கள்: லைசென்ஸ் இருக்கிறதா? 2014-ம் ஆண்டின் தமிழ்நாடு விடுதிகள் சட்டப்படி, பெண்களையும் குழந்தைகளையும் தங்கவைக்கும் விடுதிகள் பதிவுசெய்து உரிமம் பெற்றிருக்க வேண்டும். கேட்டதும் முகம் மாறினால் அந்த இடம் வேண்டாம்.

பையன்களுக்கு இந்த மாதிரி அரசு ஏற்பாடு குறைவு, அது நிஜமான ஓட்டை. ஆகவே மேன்ஷன், பிஜி, இல்லை ஷேரிங் ரூம்தான். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் எத்தனையோ பேர் வாழ்க்கையைத் தொடங்கியிருக்கிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெட் ஒன்றுக்கு மாத வாடகை பேசும் பிஜியில் அட்வான்ஸ் குறைவாகக் கேட்பார்கள், அதுதான் அதன் பெரிய நன்மை. மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று மெத்தையின் தையல் ஓரத்தை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காலேஜ் ஹாஸ்டலில் இடம் கிடைத்துவிட்டது. இனிப் பிரச்சினை இல்லைதானே?

தீபாவளிக்கு எங்கே போவீர்கள்?

இதை யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. பொங்கல், தீபாவளி, செமஸ்டர் லீவு என்றால் மெஸ்ஸை மூடிவிடுவார்கள், ஹாஸ்டலையும் பூட்டுவார்கள். எல்லோரும் ஊருக்குப் போவார்கள் என்ற கணக்கில் நடக்கும் இடம் அது. உங்களுக்கு ஊர் இல்லை. கோடை விடுமுறை ஒரு மாதத்துக்கும் மேல்.

நான் ஒரு தீபாவளியை ரயில்வே ஸ்டேஷன் வெயிட்டிங் ஹாலில் கழித்தேன். வார்டனிடம் கேட்கக் கூச்சம். பிறகு கேட்டபோது அவர், "முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு ரூம் திறந்து வச்சிருப்பேனே தம்பி" என்றார். ஆக, சேரும் அன்றைக்கே வார்டனிடம் சொல்லிவிடுங்கள். அவர் முடியாது என்றால் லீவு நாட்களுக்கு எங்கே தங்குவது என்பதையும் பிற்காப்பு மனுவில் ஒரு வரியாக எழுதுங்கள். வெளியே வந்த சீனியர் அண்ணன், அக்கா யாராவது ரூம் எடுத்திருந்தால் இப்போதே பேசிவையுங்கள்.

ஒரு கம்பெனியில் வேலையும் ஹாஸ்டலும் சேர்த்துத் தருகிறார்கள். போகலாமா?

ஹோமிலிருந்து பிள்ளைகளை வெளியே அனுப்ப ரொம்பச் சுலபமான வழி இதுதான் என்பதால் அடிக்கடி நடக்கிறது. கோயம்புத்தூர், திருப்பூர், திண்டுக்கல் பக்கம் மில்கள், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள்.

எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். வல்லம் வடகாலில் 2024-ல் அரசு திறந்த தொழிலாளர் குடியிருப்பில் 18,720 பேர் தங்க இடமிருக்கிறது, அந்த அளவுக்கு இப்போது இது பெரிய விஷயம். இன்னொரு பக்கமும் இருக்கிறது. மூன்று வருடம் வேலை செய்தால் முடிவில் மொத்தமாகக் கல்யாணத்துக்குப் பணம் என்று சொல்லிப் பெண்களை மில் ஹாஸ்டலில் அடைத்துவைத்த சுமங்கலித் திட்டத்தின் கதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். 2021 டிசம்பரில் பூந்தமல்லி பக்கம் ஒரு தொழிலாளர் விடுதியில் கெட்டுப்போன சாப்பாட்டால் பெண்கள் பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும், மற்றவர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததும் செய்திகளில் வந்தவைதான்.

சேருமுன் கேட்க வேண்டியவை: சம்பளம் மாதாமாதம் என் கணக்குக்கு வருமா? ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு பிடிப்பீர்கள்? ஞாயிற்றுக்கிழமை வெளியே போக விடுவீர்களா? போன் வைத்துக்கொள்ளலாமா? ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்பீர்களா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். நகல் கொடுத்தால் போதும்.

சேர்ந்த பிறகும் ஒன்றை மறக்க வேண்டாம். வேலை போன அன்றே அறையும் போகும். முதல் மூன்று மாதச் சம்பளத்தில் ஒரு மாத பிஜி வாடகைக்கான பணத்தைத் தொடாமல் ஒதுக்கிவையுங்கள்.

சொந்தமாக வாடகை வீடு எடுக்க முடியுமா? அட்வான்ஸுக்கு எங்கே போவது?

18 முடிந்தால் உங்கள் பெயரிலேயே ஒப்பந்தம் போடலாம், அப்பா கையெழுத்து தேவையில்லை. ஆனால் "பேச்சிலர்ஸுக்குக் கிடையாது" என்ற பதில்தான் முதலில் வரும். பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போங்கள்: பழைய வாத்தியார், வேலை பார்க்கும் கடை முதலாளி, ஹோம் ஆற்றுப்படுத்துநர். அவர் ஒன்றுமே பேச வேண்டாம், பக்கத்தில் நின்றாலே ஓனரின் குரல் இறங்கும்.

அட்வான்ஸ்தான் நம்மை அடிக்கும் இடம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஆனால் இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அது செல்லும் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் ஓனர்கள் இன்னும் ஐந்து மாதம், பத்து மாதம் கேட்கிறார்கள். ஒரு கணக்குப் போடுவோம். மூன்று பேர் சேர்ந்து 9,000 ரூபாய்க்கு வீடு எடுத்தால் ஆளுக்கு 3,000. அட்வான்ஸ் ஐந்து மாதம் என்றால் 45,000, ஆளுக்கு 15,000. புரோக்கர் வழியாகப் போனால் ஒரு மாத வாடகை கமிஷனாகப் போகும். ஆக முதல் நாளே ஆளுக்கு 18,000. வாடகையும் பாத்திரமும் இதில் வரவில்லை. டூ-லெட் போர்டைப் பார்த்து நீங்களே நடந்து தேடினால் கமிஷனாவது மிச்சம்.

கைக்காசாகக் கொடுக்காமல் கணக்கு வழியாக அட்வான்ஸ் கொடுங்கள், ஒப்பந்தத்தில் தொகையை எழுதவையுங்கள். காலி செய்தால் ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடிப்பேன் என்பார்கள், அதையும் உள்ளே போகும்போதே பேசி முடியுங்கள். கரண்ட் யூனிட்டுக்கு எவ்வளவு, தண்ணீர்க் காசு தனியா, இரவு எத்தனை மணிக்கு கேட் பூட்டுவார்கள் என்பதெல்லாம் முதல் நாள் கேள்விகள்.

ஓனர் "அப்பா என்ன பண்றார், சொந்த ஊர் எது" என்று கேட்கிறார். ஹோமில் வளர்ந்ததைச் சொல்ல வேண்டுமா?

சொல்லியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவருக்குத் தெரிய வேண்டியது வாடகை வருமா, தொந்தரவு இருக்குமா என்பதுதான். "அப்பா அம்மா இல்லைங்க, இன்ன இடத்தில் வேலை பார்க்கிறேன்" என்று இரண்டு வார்த்தையில் முடிக்கலாம். பொய்யாக ஓர் அப்பாவை உருவாக்காதீர்கள். நான் உருவாக்கினேன், துபாயில் இருந்தார். ஆறு மாதம் கழித்து ஓனர் அவரோடு போனில் பேச வேண்டும் என்றார்.

வெளியே வரும் முன் என்னென்ன பேப்பர் வாங்க வேண்டும்?

குழுவின் ஆணை, இல்லத்தில் இருந்த காலத்தைச் சொல்லும் சான்று, பிறப்புச் சான்று, டிசி, மதிப்பெண் சான்றுகள், சாதிச் சான்று, ஆதார், வங்கிப் பாஸ்புக், மருத்துவக் குறிப்புகள். எல்லாம் ஒரிஜினல். அலமாரியில் இருக்கிறது, அப்புறம் வாங்கிக்கொள் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

சாதிச் சான்று பற்றி ஒரு விஷயம். 10 வயதுக்குள் பெற்றோரை இழந்து, பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இல்லத்தில் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். படிப்பிலும் வேலையிலும் அது உதவும். பலருக்கு இது தெரியாது.

ஆதாரில் இரண்டு சிக்கல் வரும். பலருடைய ஆதாரில் ஹோம் ஆபீஸ் போன் நம்பர்தான் இருக்கும். ஓடிபி எல்லாம் அங்கே போகும், நீங்கள் பிஜியில் உட்கார்ந்து சிஸ்டருக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பீர்கள். இருக்கும்போதே உங்கள் நம்பரைச் சேர்த்துவிடுங்கள். இன்னொன்று, 15 வயதில் கைரேகையைப் புதுப்பித்திருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் இப்போதே செய்யுங்கள். வங்கிக் கணக்கும் அப்படித்தான்: மைனர் கணக்கை 18 முடிந்ததும் கையெழுத்துப் போட்டு மேஜர் கணக்காக மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் 4,000 ரூபாய் வந்தாலும் எடுக்க முடியாது.

சித்தப்பா வீட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். எனக்கு இஷ்டமில்லை.

அந்த வீட்டில் என்ன பயம் என்று குழுவிடம் தனியாகச் சொல்லுங்கள். நீங்கள் இப்போது மேஜர், கட்டாயப்படுத்த முடியாது. "சொந்தக்காரர் இருக்கிறார்" என்ற ஒரே காரணத்தால் பிற்காப்பு இல்லை என்றால் அதை எழுத்தில் கேளுங்கள்.

நான் கூர்நோக்கு இல்லத்தில் இருந்தவன். எனக்கும் இதெல்லாம் உண்டா?

இளைஞர் நீதிக் குழுமம் உங்களுக்கும் பிற்காப்பு ஆணை போடலாம். சட்டத்தின் 24-வது பிரிவுப்படி, சிறார் வயது வழக்கால் பிறகு எந்தத் தகுதியிழப்பும் வரக்கூடாது. 16 வயதுக்கு மேல் கொடிய குற்றத்துக்காகப் பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டு, குழந்தைகள் நீதிமன்றம் குற்றம் உறுதிசெய்தவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

வெளியே வந்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. இப்போது 19 முடிந்துவிட்டது. இனிக் கேட்கலாமா?

கேளுங்கள். கணக்கு வயதுதான், 21 முடியவில்லை. நீங்கள் இருந்த இல்லம் எந்த மாவட்டமோ அங்கே தொடங்குங்கள், ஆவணம் அங்கேதான் இருக்கும்.

கொரோனாவில் அப்பா அம்மா இருவரும் போய்விட்டார்கள். எனக்குத் தனியாக ஏதாவது?

பிஎம் கேர்ஸ் குழந்தைகள் திட்டத்தில் பதிவாகியிருந்தால் 18 முதல் மாத உதவித்தொகை, 23 வயதில் 10 லட்சம் ரூபாய். தமிழ்நாடு அரசு 2021-ல் அறிவித்த 5 லட்சம் வைப்புத்தொகை 18 முடிந்ததும் வட்டியோடு உங்களுக்கு வர வேண்டும். அந்தப் பணம் வந்த செய்தி தெரிந்ததும் புதிய சொந்தங்கள் வருவார்கள், ஜாக்கிரதை.

அரசு வீடு கிடைக்குமா?

தனி ஆளாக, 18, 19 வயதில் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

இன்று இரவே தங்க இடமில்லை என்றால்?

பெண்கள் 181-க்கு அழையுங்கள். மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாட்கள் தங்கவைப்பார்கள். ஆண்களுக்கு மாநகராட்சி, நகராட்சிகளின் வீடற்றோர் காப்பகங்கள். சென்னையிலும் பெரிய ஊர்களிலும் உண்டு. 1098 குழந்தைகளுக்கானது, ஆனால் 18 முடிந்த கையோடு தவிக்கிறவர்கள் அழைத்தால் மாவட்ட அலகின் போன் நம்பரைக் கேட்டு வாங்கலாம்.

வெளியே வந்த பிறகு ஹோமுக்குப் போய்ப் பார்க்கலாமா?

போகலாம். ஆனால் இப்போது நீங்கள் வெளியாள், சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடம் அது, எனவே நேராக உள்ளே போக விட மாட்டார்கள். கண்காணிப்பாளருக்கு முதல்நாளே போன் செய்துவிட்டு ஞாயிறு மாலை போங்கள். வாசலில் வைத்திருக்கும் நோட்டில் பெயர் எழுதி, "உறவு" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசிப்பீர்கள். நான் "அண்ணன்" என்று எழுதுகிறேன்.